தம்பிக்கு நாலு மாதம் மூத்தவள்

அக்கா,

போன வாரம் என் வலது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம், மார்க்கெட் எதிரில் மிரண்டு ஓடிய ஜட்காக் குதிரையைக் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நன்றாகவே எடுபட்டது. வண்டிக்குள் ஒரு கர்ப்பிணி இருந்தாள் என்பதை இரண்டாம் நாள் சேர்த்தேன். உன்னிடம் அதெல்லாம் செல்லாது. குளிக்கிற இடத்தில் சோப்பை மிதித்து விழுந்தேன்.

டாக்டர் அந்தக் கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "முறிவு இல்லை, வீக்கம்தான்" என்றார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. செஷன்ஸ் கோர்ட்டில் இதேபோல ஒரு டாக்டர் உன் பெண் கோமளாவின் மணிக்கட்டு எலும்புப் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார். முன்பின் தெரியாத ஆண்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நீ தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாய். அது ஞாபகம் வந்துவிட்டது. இன்று இடது கையால் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். என் படிப்பைக் குறை சொல்லாதே.

நீ அறிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கதை வரும். நான் எங்கே எதைச் சொன்னாலும் சமையலறையிலிருந்தே திருத்துவாய்: "கிட்டு, நாலு போலீஸ் இல்லைடா. ஒருத்தன். அவனும் சைக்கிள்ல வந்தான்." இப்போது திருத்த ஆளில்லை. அதனால் நானே அடக்கி வாசிக்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

நம் வீடுகளில் வரன் பார்க்க ஆரம்பித்ததும் பெண்ணுக்கு வயது நின்றுவிடும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. தலை வாரிப் பூ வைத்து உட்கார வைப்பதுபோல வயதையும் கொஞ்சம் சீர்படுத்தி வைப்பார்கள். முதல் வரன் தட்டிப்போனதும் அத்திம்பேர் கோமளாவுக்கு ஒரு வருஷம் குறைத்தார். அடுத்தது போனதும் இன்னொன்று. பிறகு புது ஜாதகமே எழுத வைத்தார். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஜாதகம் வீட்டில் இருக்கக்கூடாது என்று, பழையதை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு எடுத்துப் போய், ரங்கநாதரையும் சேவித்துவிட்டு, காவேரியில் விட்டுவிட்டு வந்தார். மேல்கோட்டையில் வீட்டிலேயே பிறந்த பெண். எந்த ஆபீஸிலும் அவள் பிறந்தது பதிவாகவில்லை. "எல்லா ஆத்துப் பொண்ணும் வளர்றா மாமா. நான் மட்டும் பின்னாடி நடக்கறேன்" என்று கோமளா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உன் மூச்சு இழுப்புக்கு மிக்சர் மருந்து வாங்க அவளைத்தான் டாக்டர் கடைக்கு அனுப்பினாய். அங்கே கம்பவுண்டராக இருந்தவன் பழனி. ஹனூர்ப் பக்கத்துப் பிள்ளை, வேறு ஜாதி. பாட்டிலில் காகிதம் ஒட்டி அளவு வெட்டிக் கொடுக்கும்போது, "நல்லாக் குலுக்கிட்டுக் குடிக்கச் சொல்லுங்க, அம்மாவுக்கு ராத்திரி மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்பான். உன் மூச்சை அந்த வீட்டில் வேறு யார் விசாரித்தார்கள்? அவன் கடையில் கூட்டம் அலைமோதும், டாக்டரைவிட அவனுக்குத்தான் பேர் என்று நான் சொல்வதுண்டு. அவ்வளவு இல்லை. ஆனால் நல்ல பையன்.

ஒரு காலை கோமளா மருந்துக்குப் போனவள் திரும்பவில்லை. இரண்டு பேரும் நஞ்சன்கூடு போய் நஞ்சுண்டேஸ்வரர் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்து ஹனூர் போய்விட்டார்கள். செய்தி வந்தபோது அத்திம்பேர் பூஜையில் இருந்தார்.

"வேற ஜாதி. சரி, அது தலையெழுத்து" என்றார். "சிவன் கோவில்லயா போய்க் கல்யாணம் பண்ணிண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ என்னைப் பார்த்த பார்வையில் அது அடங்கியது.

அவர் போலீசில் எழுதிக் கொடுத்தார்: என் பெண்ணுக்குப் பதினைந்து வயது, பழனி என்பவன் மயக்கிக் கடத்திப் போய்விட்டான். அதற்கு அத்தாட்சி புது ஜாதகம். அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். வரன் வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி, அதற்குள் அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

இரண்டு பேரையும் பிடித்து மைசூருக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். பழனி ஜெயிலுக்குப் போனான். கேஸ் முடியும்வரை கோமளாவை அநாதைப் பெண்கள் விடுதி ஒன்றில் வைத்தார்கள். நான்தான் போய்ப் பார்த்தேன். கம்பி வலை போட்ட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். அவள் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தது.

"மாமா, நான் 'போனேன், போனேன்'னு சொல்றேன். அவா 'கொண்டுபோனான், கொண்டுபோனான்'னே எழுதிக்கறா. நான் என்ன மூட்டையா?"

அதற்கு என்ன பதில் என்று பழனியின் வக்கீலிடம் கேட்டேன். வழுக்கைத் தலை, மூக்குப்பொடி, கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. சட்டத்தில் சந்தேகம் வந்தால் அவர் என்னைத்தான் கேட்பார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்.

"நோடப்பா," என்றார், "இதுல ரெண்டு கோடு இருக்கு. ஒண்ணு பதினாறு, இன்னொண்ணு பதினெட்டு. பொண்ணு பதினாறுக்குக் கீழேன்னு ஆச்சுன்னா பையன் மேல ரொம்பப் பெரிய குத்தம். அவ சம்மதிச்சேன்னு ஆயிரம் தடவ சொன்னாலும் அது சம்மதமே இல்ல. பதினாறு தாண்டி, பதினெட்டுக்குக் கீழேன்னா பெரிய குத்தம் போயிடும். ஆனா அப்பன் பொறுப்புல இருந்தவளக் கூட்டிக்கிட்டுப் போன குத்தம் நிக்கும். அதுலயும் அவ இஷ்டம் கணக்கில்ல. பதினெட்டு முடிஞ்சிருந்தா கேஸே இல்ல, அவ ராணி. பையன் நல்லவனா, இவ ஆசைப்பட்டாளா, அதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி வயசு என்ன. அவ்வளவுதான்."

நான் வெளியே வந்து வெகுநேரம் கோர்ட் மரத்தடியில் நின்றேன். தப்பான சட்டம் இல்லை, அக்கா. சின்னப் பெண்களை எவனும் ஆசை காட்டி இழுத்துப் போகக்கூடாது என்று போட்ட வேலி. நல்ல வேலிதான். வேலியைத் தாண்டி வளர்ந்துவிட்டவளை இன்னும் உள்ளேதான் இருக்கிறாள் என்று அவளைப் பெற்றவரே எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் தொண்டை வற்றக் கத்தினாலும் வேலிக்கு உள்ளிருந்து வரும் குரலாகத்தான் எல்லோர் காதிலும் விழுந்தது.

எலும்புப் படம் எடுத்த டாக்டர் பதினாறரைக்கு மேல், பத்தொன்பதுக்குள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எலும்புக்கு அதற்குமேல் தெரியாதாம். பதினெட்டு என்ற கோடு நடுவே கிடந்தது. மேலேயா கீழேயா என்று சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். உன்னை சர்க்கார் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் நீ தளிகைக்கு உட்கார்ந்து கறிகாய் திருத்திக்கொண்டிருந்தாய். அத்திம்பேர் கூடத்திலிருந்து வந்து சமையலறை நிலைப்படியில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அவளுக்குப் பதினஞ்சுன்னு சொன்னா, கோர்ட் அவளை என் கையில குடுத்துடும். ஆத்துக்கு வந்துடுவா. நடந்ததை மறந்துடறேன், ஒரு வார்த்தை திட்டமாட்டேன். வேற மாதிரி சொன்னியோ, அவ அவன்கூடப் போயிடுவா. அப்புறம் அவளுக்கு அம்மா இல்லை, உனக்குப் பொண்ணு இல்லை. இந்தாத்து வாசப்படிக்கு இந்தப் பக்கம் அவ வரமாட்டா, அந்தப் பக்கம் நீ போகமாட்டே."

அவர் போன பிறகும் நீ கத்திரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாய். பொய் சொன்னால் பெண் வீட்டுக்கு வருவாள், அவள் கட்டிக்கொண்டவன் ஜெயிலில் கிடப்பான். நிஜம் சொன்னால் பெண்ணுக்கு விடுதலை, உனக்குப் பெண் கிடையாது. உன்னை நான் எத்தனையோ சமயம் கஷ்டத்தில் பார்த்திருக்கிறேன். இப்படி நாலு பக்கமும் சுவருக்கு நடுவே நீ நின்று பார்த்ததில்லை. சம்பத் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைப் போட்டுவிட்டு, "பசிக்கறதும்மா" என்றான். உன் பிள்ளை அவன், பதினைந்தரை வயது, மீசை அரும்பிக்கொண்டிருந்தது. நீ அவனைப் பார்த்தாய். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவன் சாப்பிட்டுப் போனதும் என்னை அருகில் கூப்பிட்டாய்.

"வக்கீல்கிட்டப் போ. என்னை சம்பத்தைப் பத்திக் கேக்கச் சொல்லு."

"அவனைப் பத்தி என்னன்னு?"

"அவ்வளவுதான். நீ யோசிக்காதே. நீ யோசிச்சா நீளமாயிடும்."

நான் போனேன். போகிற வழியில் நீளமாகத்தான் ஆகிவிட்டது. வக்கீலிடம் நம் பரம்பரை, மேல்கோட்டையில் நமக்குக் கோவிலில் இருந்த மரியாதை எல்லாம் சொல்லி, தாயின் மனம் என்னும் சமுத்திரத்தைப் பற்றிச் சொல்லி, கடைசியில் உன் வார்த்தையைச் சொன்னேன். அவர் பொடியை உறிஞ்சிவிட்டு, "கடைசியாச் சொன்னதை மட்டும் இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். சம்பத் எங்கே பிறந்தான் என்று கேட்டார். மைசூர் ஆஸ்பத்திரியில் என்றேன். ஜாதகத்தின் நகலை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பிறகு தனியாகச் சிரித்தார். எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தது என்றுதான் ஊரில் சொல்கிறேன்.

நீ கூண்டில் ஏறின அன்றைக்கு அத்திம்பேர் முதல் பெஞ்சில் சரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார், அரண்மனை ஆபீசுக்குப் போகிற அதே தலைப்பாகை. எதிரே பழனி, தாடியோடு. ஓரத்தில் விடுதி மேட்ரனுக்குப் பக்கத்தில் கோமளா. நீ கன்னடத்தில்தான் பேசினாய். நான் நம் பாஷையில் எழுதுகிறேன்.

சர்க்கார் வக்கீல் ஜாதகத்தைக் காட்டினார். "இது உங்கள் பெண்ணுடையதா?"

"ஆத்துக்காரர் எழுத வச்சது."

"அதில் இருக்கும் வயது சரிதானே?"

அத்திம்பேர் உன்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். கோமளா உன்னைப் பார்த்தாள். "எனக்கு ஜாதகம் படிக்கத் தெரியாது" என்றாய். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அவர் அதோடு விட்டுவிட்டார்.

பழனியின் வக்கீல் எழுந்தார். எத்தனை குழந்தைகள் என்றார். இரண்டு என்றாய். மூத்தது யார் என்றார். கோமளா என்றாய்.

"மகன் பிறந்தபோது மகள் என்ன செய்துகொண்டிருந்தாள்?"

நீ கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். குரல் மட்டும் சமையலறைக் குரலாகவே இருந்தது.

"பாக்க வந்தா. என் தம்பி கையைப் பிடிச்சுண்டு வாசல்லேருந்து நடந்து வந்தா. தொட்டிலை எட்டிப் பாத்தா. 'அம்மா, இது அழறது. எங்கேருந்து எடுத்துண்டு வந்தியோ அங்கேயே குடுத்துடு, நாம ஆத்துக்குப் போலாம்'னா."

வக்கீல் மெதுவாக சம்பத்தின் ஆஸ்பத்திரிப் பிறப்புப் பதிவையும் ஜாதகத்தையும் ஜட்ஜிடம் நீட்டினார். இந்த ஜாதகப்படி அக்கா தம்பிக்கு நாலு மாதம் மூத்தவள் என்றார்.

ஜட்ஜ் இரண்டையும் பார்த்தார். உன்னைப் பார்த்தார். "நாலு மாதக் குழந்தையா நடந்து வந்து அப்படிப் பேசியது, அம்மா?"

"இல்லை ஸ்வாமி. அவளுக்கு மூணு வயசு முடிஞ்சிருந்தது. நான் நாலு மாசத்துக்கு ஒண்ணு பெத்துக்கலை."

கோர்ட்டே சிரித்தது. கூப்பிடும் சேவகன்கூட வாயைப் பொத்திக்கொண்டான். ஜட்ஜ் எழுந்து நின்று உன்னைக் கும்பிட்டார் என்று நான் இத்தனை நாளாகச் சொல்லி வருகிறேன். நீ அங்கேயே இருந்தவள், உனக்கு எதற்கு அது? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

அத்திம்பேர் மட்டும் சிரிக்கவில்லை. விரல் கணுக்களைத் தொட்டு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும், பெண் தம்பிக்கு மூத்தவளாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் கவனமாகத்தான் இருந்திருக்கிறார். நடுவே ஒரு கர்ப்பத்துக்கு இடம் வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அது உன் வேலை அல்லவா.

வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது என்று தீர்ப்பானது. பழனியை விட்டுவிட்டார்கள். கோமளாவிடம் நீ உன் இஷ்டப்படி போகலாம் என்றார்கள். படியில் அவள் உன்னிடம் ஓடி வந்தாள். நீ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய், கொஞ்ச நேரம். பழனி தள்ளி நின்று, "அம்மா, மருந்த விட்டுடாதீங்க" என்றான்.

ஜட்காவில் அத்திம்பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். உன்னை வா என்று சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பவும் சொல்லவில்லை. நான் உன் காதில், "அக்கா, ஏறாதே. கோமளாவோட போயிடு. நான் கொண்டுவிடறேன்" என்றேன்.

"சட்டம் தெரிஞ்சவனாச்சே நீ, சொல்லு" என்றாய். "பதினெட்டு ஆனா அவ தானாப் போலாம். எனக்கு முப்பத்தஞ்சு ஆறது. நான் எந்த வயசுல தானாப் போலாம்னு எழுதியிருக்கு?"

நீ ஏறி உட்கார்ந்தாய். நான் நடுவில். வண்டி அரண்மனையைத் தாண்டியதும் அத்திம்பேர் பேசினார், என்னிடம்.

"உங்க அக்காகிட்டச் சொல்லு. நான் சொன்னது சொன்னதுதான்."

உன் முழங்கைக்கும் அவர் முழங்கைக்கும் நடுவே நான் மட்டும்தான் இருந்தேன்.

"கேட்டுதுன்னு சொல்லு" என்றாய்.

அன்றிலிருந்து நீ கண்ணை மூடும்வரை அவர் உன்னிடம் நேராகப் பேசவில்லை. கோமளா இதே மைசூரில், நடந்தால் எட்டுகிற தூரத்தில் குடித்தனம் வைத்தாள். பழனி சொந்தமாக மருந்துக் கடை போட்டான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நீ ஒரு நாளும் படி தாண்டிப் போகவில்லை. சம்பத் வேலை கிடைத்துப் போன பிறகும் போகவில்லை. அவர் சொன்னது சொன்னதுதான் என்பதுபோல இருந்தாய். போய் வந்தது நான்தான்.

ஒவ்வொரு தடவையும் நான் செருப்பை மாட்டும்போது, அத்திம்பேர் காதில் விழாமல், நீ கொடுத்தனுப்புவது ஒரே சொல்: "சாப்ட்டாளான்னு கேளு." இத்தனை வருஷத்தில் வேறொன்றும் சொன்னதில்லை. அது எனக்குப் போதவில்லை, அக்கா. அத்தனை தூரம் நடந்து போய் அதைச் சொல்லவா? அதனால் நீ அவள் பேரில் விளக்கேற்றுவதாகச் சொன்னேன். அவள் பிறந்த நாளில் திருக்கண்ணமுது செய்து கண்கலங்கினதாகச் சொன்னேன். பேரன் படத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நம்பினாளா தெரியாது. இன்னும் சொல்லுங்கோ என்பாள்.

நீ போன அன்று அவள் வாசலில் வந்து நின்றாள், படிக்கு அந்தப் பக்கம். அத்திம்பேர் அவளைப் பார்க்காமல், "வந்தவாளை உள்ளே வரச் சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். வந்தாள். அதைப் பார்க்க நீதான் அங்கே இல்லை.

நேற்று மணிக்கட்டில் கட்டோடு அவள் வீட்டுக்குப் போனேன். குதிரைக் கதையைச் சொன்னேன். குழந்தைகள் வாயைப் பிளந்து கேட்டன. அவள் கேட்கவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது, எனக்குப் பரிமாறிக்கொண்டே திடீரென்று கேட்டாள்.

"மாமா, உங்க சரக்கையெல்லாம் எடுத்துட்டுச் சொல்லுங்கோ. அம்மா நிஜமா என்ன சொல்லி அனுப்புவா?"

உள்ளதைச் சொன்னேன். "சாப்ட்டாளான்னு கேளுன்னு சொல்லுவா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை. எப்பவும் அது ஒண்ணுதான்."

கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் இல்லைன்னு சொல்லுங்கோ" என்றாள்.

இதுவரை அவளிடமிருந்து உனக்கு நான் எடுத்து வந்ததெல்லாம் பாதி என் கைச்சரக்கு. இது அவள் சொன்னபடியே. ஒரு சொல் சேர்க்கவில்லை.

இன்னும் சாப்பிடவில்லையாம், அக்கா.

உன் தம்பி,
கிட்டு